பகைவன் ஏற்றிய முகட்டு வளை

முன்னொரு காலத்தில் செங்கரை நாட்டை விசயமாறன் என்றோர் அரசர் ஆண்டுவந்தார். அந்நாட்டு ஆறுகளுக்குக் கரை உண்டு. அரசரின் சந்தேகத்துக்குத்தான் கரை இல்லை. ஐயம் அரசனுக்கு அணிகலன் என்பார்கள் படித்தவர்கள். எவ்வளவு அணியலாம் என்று சொல்லாமல் விட்டதுதான் தொல்லை. அரசர் உண்ணும் சோற்றை முதலில் ஒருவன் சுவைப்பான். அவனை ஒருவன் கவனிப்பான். கவனிப்பவன்மேல் கண் வைக்க இன்னொருவன். மூவரும் உயிரோடிருப்பது உறுதியான பிறகே அரசர் இலையில் கை வைப்பார். ஆகவே, பட்டம் ஏறிய நாள் முதல் அவர் சூடான சோறு உண்டதில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஆறு பெருகி ஓடைப்பட்டி என்னும் ஊரை வாரிக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்ததும் ஊரார் ஒருவர் வீட்டை ஒருவர் கட்டத் தொடங்கினார்கள். கூரை மரத்துக்கு அரசரின் பனந்தோப்பில் வெட்டிக்கொள்ளும்படி மந்திரி இளந்தத்தர் அனுமதி கொடுத்திருந்தார். முதலில் எழுந்தது காத்தாயி என்ற கைம்பெண்ணின் வீடு.

மந்திரியின் இருக்கைமேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த ஒற்றர் தலைவர் சூரங்குடியாருக்கு இது போதுமானதாக இருந்தது.

"அரசே, கூலி வாங்காமல் ஓர் ஊரே வேலை செய்கிறது. கூலி வாங்காதவன் வேறெதையோ வாங்கப் போகிறான் என்று பொருள்."

"எதை?"

"சிம்மாசனத்தை. இன்னும் கேளுங்கள். காத்தாயிக்கும் முத்திருளன் என்பவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இவளுடைய ஆடு அவனுடைய கத்தரி நாற்றை மேய்ந்ததிலிருந்து பகை. அந்த முத்திருளன்தான் அவள் வீட்டுக்கு முகட்டு வளையைத் தூக்கி வைத்தான். கூரைக்கே முதுகெலும்பு அந்த மரம். இரு பகைவர் சேர்கிறார்கள் என்றால் இருவருக்கும் பொதுவாகப் பெரிய பகைவர் ஒருவர் இருக்க வேண்டும்."

"அது யார்?"

சூரங்குடியார் பணிவாகத் தலை குனிந்தார். "தாங்கள்தான். மரம் கொடுத்தது யார் என்பதை நான் சொல்லமாட்டேன். மந்திரியார் என் ஆருயிர் நண்பர்."

அரசர் மந்திரியைப் பார்த்தார். "அந்த வீட்டை இடித்துவிட்டு அவளைச் சிறையில் அடைக்கப் போகிறேன். உமக்கு அடுத்த அறை. என்ன சொல்கிறீர்?"

"இடியுங்கள் அரசே," என்றார் இளந்தத்தர். "ஆனால் சதியின் வேர் தெரியாமல் கூரையைப் பிடுங்கி என்ன பயன்? நாம் மூவரும் வீடிழந்தவர்களாக அங்கே போவோம். நமக்கும் வீடு கட்ட வருவார்கள். சதி இருந்தால் நம்மையும் சேர்த்துக்கொள்வார்கள்."

அரசருக்கு ஒளிந்து பார்ப்பதில் கொள்ளை ஆசை. இருவரில் எவரை அரண்மனையில் விட்டுப் போனாலும் ஆபத்து என்று எண்ணி இருவரையும் அழைத்துக்கொண்டு மாறுவேடத்தில் புறப்பட்டார்.

ஓடைப்பட்டியில் அவர்கள் நினைத்தபடியே ஆள் திரண்டது. சுவர் வைத்தார்கள், கால் நட்டார்கள். முகட்டு வளையைத் தோளுக்குத் தூக்கிய பிறகு காத்தாயி கேட்டாள்: "இதுல யாருங்க வீட்டுக்காரர்?"

மந்திரி சட்டென்று சூரங்குடியாரைக் காட்டினார். "இவர்தான்."

"ஐயா, உங்களுக்கு யாரோட பேச்சு இல்ல?"

சதிகாரர்களின் இரகசியக் கேள்வி இதுதான் என்று சூரங்குடியார் அரசரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பிறகு, "எனக்குப் பகைவரே கிடையாது, தாயே," என்றார்.

மரத்தைத் தொப்பென்று கீழே போட்டார்கள்.

"பகையே இல்லாதவன் ஒண்ணு சாமி, இல்லாட்டித் திருடன்," என்றான் முத்திருளன். "சாமிக்குக் கோயில் கட்டணும், திருடனுக்குச் சிறை கட்டணும். ரெண்டும் ராசா வேலை. நாங்க போறோம்."

மழை பிடித்துக்கொண்டது. அரசரின் ஒட்டுத்தாடி ஒரு பக்கம் தொங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, "யாரையாவது சொல்லித் தொலையும்," என்றார்.

"இந்த ஆள்தான்," என்று சூரங்குடியார் மந்திரியைக் காட்டினார்.

"என்ன தகராறு?" என்று கேட்டாள் காத்தாயி. "உண்மையச் சொல்லணும். பொய் சொல்லி ஏத்தின மரம் நிக்காது."

குளிரில் நடுங்கியதாலோ, பல நாள் அடக்கி வைத்திருந்ததாலோ, சூரங்குடியாருக்கு வாய் நிற்கவில்லை. "நான் உட்கார வேண்டிய இடத்தில் இவன் உட்கார்ந்திருக்கிறான். இவனைக் கவிழ்க்க ஒரு வீடு என்ன, ஓர் ஊரையே இடிப்பேன்."

"அப்பாடா, சரியான பகை," என்றாள் காத்தாயி நிம்மதியாக. "ஐயா, நீங்க வந்து இந்தத் தலைப்பைப் பிடிங்க."

மந்திரி மரத்தின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனை சூரங்குடியாரின் தோளில் ஏறியது. காத்தாயி தென்னை மரத்தைப் பார்த்து, "கயித்த இறுக்கிக் கட்டச் சொல்லுங்க," என்றாள். முத்திருளன் வானத்தைப் பார்த்து, "எனக்குத் தெரியும்னு சொல்லுங்க," என்றபடி கட்டினான்.

அரசருக்குப் பொறுக்கவில்லை. "பேச்சே இல்லாதவனை நம்பி எப்படி அம்மா உன் கூரையைக் கொடுத்தாய்?"

"நம்பினா இந்த வழக்கம் எதுக்குங்க? இவன் என்னைக்காவது கொள்ளி வைப்பான்னு எனக்குப் பயம். தான் தூக்கி வச்ச மரத்துக்குத் தானே கொள்ளி வைக்க எவனுக்கும் கை கூசும்ல. அதான் அவனையே தூக்கச் சொல்றது."

தம்மைவிடத் திறமையாகச் சந்தேகப்படும் ஓர் ஊரை அரசர் அதுவரை கண்டதில்லை.

காத்தாயி ஆவி பறக்கும் கேழ்வரகுக் களியை உருட்டி அவர் கையில் வைத்தாள். சுவைப்பவனைத் தேடி அரசரின் கண்கள் ஒரு கணம் அலைந்தன. பிறகு வாயில் போட்டார். நாக்கு பொத்துப்போயிற்று. கண்ணில் நீர் வர, இன்னோர் உருண்டை கேட்டார்.

மறுநாள் அவையில் தீர்ப்பு வந்தது. காத்தாயியின் வீடு நிற்கும். வீடிழந்த ஊர்களுக்கெல்லாம் பனந்தோப்பு திறந்திருக்கும். மந்திரியின் தோளில் அரசர் தம் சால்வையைப் போர்த்தினார்.

"சூரங்குடியாரே, வெள்ளம் பாய்ந்த ஊர்களில் சில நல்லவர்களுக்குப் பகைவரே இருக்கமாட்டார்கள். பாவம், அவர்கள் வீட்டுக்கு யார் முகட்டு வளை ஏற்றுவது? இனி நீர் போய் ஏற்றும். உம்மோடு பகை கொள்ள எவருக்கும் அதிக நேரம் பிடிக்காது."

அன்று முதல் சூரங்குடியாரின் தோள் காய்த்தது. அரசரின் நாக்கு ஆறியது. சோறு மட்டும் ஆறாமல் வந்தது. காத்தாயியும் முத்திருளனும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை என்று கேள்வி. வீடு என்னவோ அசையாமல் நிற்கிறது.