தட்டு வீசப் போன தலைவரின் மீசை

கோணக்கரைக்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். ஏகப்பட்ட புத்தி உண்டு. கல்யாணப் பட்டுப்புடவை மாதிரி மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எடுத்து உடுத்துவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்ப் பூங்காவில் போன ஐப்பசியில் ஒரு புது விளையாட்டு வந்தது. அங்கங்கே ஒன்பது கம்பங்கள். கம்பத்துக்கு ஒரு இரும்புக் கூடை, அதற்கு மேலே சங்கிலித் தோரணம். கையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு தருவார்கள். அதை வீசி வீசி ஒன்பது கூடையிலும் வரிசையாகப் போட வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவருக்கு வெற்றி. டிஸ்க் கோல்ஃப் என்று பேர்.

பக்கத்து ஊர் ஏரிப்பாளையத்து பி.டி. டீச்சர் கனகவல்லி, "ஒரு ஆட்டம் போட்டுப் பார்க்கலாமா சார்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். கேட்டது கோணக்கரை நடைப்பயிற்சிச் சங்கத் தலைவர் அங்கமுத்துவிடம். அவருக்கு எலுமிச்சம்பழம் நிற்கிற மீசை. டீக்கடை வாசலில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் வேறு. சும்மா இருப்பாரா மனுஷன்?

"வாங்க டீச்சர்! தோத்தா இந்த மீசையை எடுத்துடறேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு வீட்டு ஞாபகம் வந்தது. பெண் பார்க்கப் போன அன்றைக்குச் செண்பகம் சம்மதம் சொன்னது அங்கமுத்துவுக்கு அல்ல, மீசைக்கு. இது ஊருக்கே தெரியும். அந்த மீசை இல்லாமல் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம். முந்தின நாள் மழையில் பூங்காச் செம்மண் குழைந்து கிடந்தது. தலைவருக்குத் துணையாக இரண்டு பேர் வந்தார்கள். பரோட்டா மாஸ்டர் சீனிச்சாமி. பூங்கா விதிப் பலகையில் 'வீசவும்' என்று போட்டிருந்ததால் வீச்சு பரோட்டாக்காரரை விட முடியவில்லை. இன்னொருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் புலவர் பூவராகன். பலகை தமிழில் இருந்ததால் அவர்.

பலகையில் இருந்தது ஒரே விதி: 'வீசிய பின், விழுந்த இடத்திலிருந்தே மறுபடி வீசவும்.'

"யாரு விழுந்த இடம், ஐயா?" என்று கேட்டார் அங்கமுத்து.

புலவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "அது சொல்லலையே. இந்த வாக்கியத்துல எழுவாய் இல்லை."

"தட்டு விழுந்த இடமா இருக்குமோ?" என்றார் சீனிச்சாமி.

"வீசறது யாரு?"

"தலைவரு."

"மறுபடி வீசப் போறது யாரு?"

"தலைவருதான்."

"அப்ப நடுவுல விழறது மட்டும் எப்படிய்யா தட்டா இருக்கும்? இலக்கணம்னு ஒண்ணு வேண்டாமா?"

சீனிச்சாமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அங்கமுத்து தட்டை வீசினார். நல்ல வீச்சு, அறுபது அடி போயிற்று. கூட்டம் கைதட்டியது. அவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தொப்பென்று குப்புற விழுந்தார்.

தன் தட்டை நோக்கி நடந்துகொண்டிருந்த டீச்சர் பதறிப்போய் ஓடி வந்தார். "ஐயையோ, அடி பட்டுச்சா சார்?"

"இல்லம்மா, ஆடிட்டிருக்கேன்" என்றார் தலைவர், மண்ணுக்குள்ளிருந்து.

சீனிச்சாமி ஓடிப் போய்த் தட்டை எடுத்து வந்து கையில் கொடுத்தார். படுத்தபடியே ஒரு வீச்சு ஆயிற்று. "ஐயா, இப்ப எந்திரிக்கலாமா?"

"எப்படி எந்திரிப்பீங்க? எழுவாய் இல்லைன்னு இப்பத்தானே சொன்னேன்?"

"எந்திரிக்காம அடுத்த தடவை எப்படி விழறது?"

பெரிய சிக்கல். மூவரும் அரை மணி நேரம் யோசித்தார்கள், அதில் ஒருவர் படுத்துக்கொண்டு. கடைசியில் புலவர் தொடையைத் தட்டினார். "தலைவர் எழக் கூடாது. ஆனா எழுப்பப்படலாம். அது செயப்பாட்டு வினை!"

ஆளுக்கொரு தோளாகப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். விட்டார்கள். ஒரு தரம் அவசரத்தில் மல்லாக்க விழுந்து கொஞ்சம் நஷ்டம். அப்புறம் சுதாரித்துக்கொண்டார்கள். குப்புற விழுந்தால் தடவைக்கு ஒரு ஆள் நீளம் லாபம். நடுவில் ஒரு தரம் தட்டு கணீரென்று சங்கிலியில் பட்டு முதல் கூடையிலேயே விழுந்துவிட்டது. சீனிச்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆளே இன்னும் வந்து சேரலை, அதுக்குள்ள என்ன முந்திரிக்கொட்டைத்தனம்!" என்று தட்டை வெளியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

உச்சி வெயில் நேரத்தில் தலைவரின் தலை முதல் கம்பத்தில் ணங்கென்று இடித்தது. நாற்பத்தோரு வீச்சு. மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கனகவல்லி டீச்சர் ஒன்பது கூடையும் முடித்து, கை கழுவி, டிபன் பாக்ஸில் தயிர்சாதமும் சாப்பிட்டிருந்தார். அவருக்கு மொத்தமே முப்பத்து மூன்று வீச்சு.

"சரி, தோத்தாச்சு" என்றது டீக்கடைக் கூட்டம். "மீசை எப்போ?"

அங்கமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இருபத்திரண்டு வருஷ மீசைய்யா" என்றார். டீச்சரே, "அதெல்லாம் வேண்டாம் சார், விடுங்க" என்றார். ஆனால் கோணக்கரையில் வாக்கு வாக்குதான். அப்போதுதான் புலவர் கையை உயர்த்தினார்.

"யாரு தோத்தது? குப்புற விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலைன்னா அது தோல்வியே இல்லை. பழமொழியே இருக்கு. மீசையைப் பாருங்கய்யா!"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மீசையா அது? செங்கல். செம்மண் அப்பி, வெயிலில் காய்ந்து, தட்டினால் டொக்கென்றது. சீப்பைப் போட்டார்கள், சீப்பு உடைந்தது. தண்ணீரை ஊற்றினார்கள், மண் இன்னும் உள்ளே போய் உட்கார்ந்தது. அங்கமுத்து விம்மி விம்மி அழுதார். அவரைப் பார்த்து சீனிச்சாமியும் அழுதார்.

அழுதுகொண்டே சீனிச்சாமிக்கு அந்த யோசனை வந்தது. "ஐயா, மீசை இருந்தாத்தானே அதுல மண் ஒட்டும்?"

புலவர் அவரை அப்படியே கட்டிக்கொண்டார். சலூன்காரர் நமச்சிவாயத்தை வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கையோடு இழுத்து வந்தார்கள். இரண்டே நிமிஷம். மீசை மொத்தமும் மண்ணோடு கீழே விழுந்தது. கூட்டத்தில் ஒவ்வொருவராக வந்து மேலுதட்டைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு பொட்டு மண் இல்லை. கோணக்கரை ஜெயித்தது! டீச்சர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

மாலையும் மேளமுமாக ஊர்வலம் வீட்டு வாசலில் வந்து நின்றது. அங்கமுத்து நெஞ்சை நிமிர்த்தி, மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லாத இடத்தில் இரண்டு விரலால் ஒரு முறுக்கு முறுக்கினார்.

"அடியே செண்பகம், ஆரத்தி எடு! மீசை தப்பிச்சுது!"