மாராத்தாளுக்கு ஒரு தரை

மலைமேல் மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில், நஞ்சப்பன் கனத்த பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி மாராத்தாள் நோயில் விழுந்த பிறகுதான் மடத்துக்கு வரத் தொடங்கினார். குருவைவிட அவருக்கு வயது அதிகம். அதனால் குரு அவரை 'அண்ணா' என்பார். அவர் குருவைச் 'சாமி' என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இல்லை.

பையை அவிழ்த்து மூன்று சாம்பிள் துண்டுகளை எடுத்தார். கல் தரையில் குருவின் முன்னால் வரிசையாக வைத்தார். மூன்றும் பார்க்க மரப்பலகை மாதிரியே இருந்தன.

மடத்தில் சமைக்கிற ரங்கம்மா கீரைத் தட்டோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னுங்கண்ணா, இங்கயே கடை விரிச்சுட்டீங்க?"

"வீட்டுக்குத் தரை போடணும் ரங்கம்மா. எதைப் போடறதுன்னு சாமிகிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு வந்தேன்."

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறப்பக்கூட நீங்க இவ்வளவு யோசிச்சதில்லையே!"

"மாப்பிள்ளை பிடிக்கலைன்னா பேசாம இருந்துக்கலாம். தரை பிடிக்கலைன்னா தினம் மிதிக்கணுமில்ல?"

ரங்கம்மா சிரித்தாள். குருவும் சிரித்துவிட்டார்.

"மூணுலயும் மரம் இருக்கா, அண்ணா?"

"எதுலயும் முழு மரம் கிடையாதுங்க சாமி. மேல தெரியறது மரத்தோட படம்தான்."

"சரி. நல்லாத்தானே இருக்கு பழைய தரை? எதுக்கு இப்போ புதுசு?"

நஞ்சப்பனின் சிரிப்பு நின்றது.

"மாராத்தாளுக்குத்தானுங்க. புத்துநோய்க்கு மருந்து ஏத்தினதுல இருந்து காலு குளிர் தாங்கறதில்லை. சிமெண்டுத் தரையில பாதம் பட்டா ஊசி குத்தறாப்புல இருக்குதாம். செருப்புப் போடலாம்னா கால் வீங்கிப்போய் நுழையறதில்லை. சாக்ஸ் போட்டா வழுக்குது. ஒருக்கா விழுந்தே போயிட்டா. அதுல இருந்து கட்டிலை விட்டு இறங்கறதே இல்லைங்க."

"நடக்கத் தெம்பு இருக்கா?"

"இருக்குதுங்க. சன்னல் வரைக்கும், வாசல் வரைக்கும் நடப்பா. ஆசையும் இருக்குது. கல்யாணத்துக்கு முந்தி எஸ்டேட் பங்களாவுல பலகைத் தரை துடைச்சவ. அதுல வெறுங்காலோட நடந்தாக்கூடக் குளிராதும்பா."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"இனி மருந்து வேண்டாம், வீட்டுல வெச்சுப் பாத்துக்கோங்கன்னுட்டார்." குரல் இறங்கியது. "பொங்கல் வரைக்கும் இருந்தா பெருசுன்னார்."

அப்போது ஐப்பசி பாதி முடிந்திருந்தது.

ரங்கம்மா கீரைத் தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

"ஒவ்வொண்ணாச் சொல்லுங்க, கேட்கறேன்" என்றார் குரு. "அதுக்கு முன்னாடி அந்தச் சாக்ஸைக் கழற்றிடுங்க. எழுந்து நின்னு சொல்லுங்க."

"எதுக்குங்க சாமி?"

"கழற்றுங்க."

நஞ்சப்பன் கம்பளிச் சாக்ஸைக் கழற்றினார். கல் தரை ஈரத்தில் கறுத்திருந்தது. கால் வைத்ததும் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் நாலு கடை ஏறி இறங்கிச் சேர்த்த விஷயம். சொல்லத் தொடங்கியதும் உற்சாகம் வந்தது.

"இது டைல்ஸுங்க. கீறல் விழாது, கரையான் அண்டாது. எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் ஒண்ணும் ஆகாது. இருபது வருஷம் அசையாதுங்கறான் கடைக்காரன்."

"இருபது வருஷம்" என்றார் குரு. "குறை?"

"சில்லுனுதான் இருக்கும், சிமெண்டு மாதிரியே. அப்புறம் பழைய தரையைக் கொத்தி எடுக்கணும். தூசி பறக்கும். வேலை முடியற வரைக்கும் அவளைத் தம்பி வீட்டுல கொண்டுபோய் விடணும்."

குரு டைல்ஸைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நஞ்சப்பன் ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் வைத்துக்கொண்டார்.

"அடுத்தது?"

"வினைலுங்க. ரப்பர் பாய் மாதிரி. இவ்வளவு குளிராது, தண்ணிக்கும் பயமில்லை. ஆனா பசை போட்டு ஒட்டணும். மழைக்காலத்துல நம்ம வீட்டுத் தரையெல்லாம் வேர்க்குமில்லைங்களா? பசை நிக்காது, ஓரம் தூக்கிக்கும்னு விக்கறவனே சொல்லிட்டான். அந்தப் பசை நாத்தத்துக்கு மாராத்தாள் வாந்தி எடுத்துருவா. தாளிக்கிற வாசனையே அவளுக்கு ஆகறதில்லை."

"அப்ப இது வேண்டாம்." குரு அதை ஓரமாகத் தள்ளி வைத்தார். "இது?"

"லேமினேட்டுங்க. மரத்தூளை அழுத்திப் பலகையாக்கி மேல படத்தை ஒட்டறாங்க. கொத்தற வேலை இல்லை, பசையும் இல்லை. கீழ பிளாஸ்டிக் விரிச்சு, ஒண்ணோட ஒண்ணை மாட்டிக்கிட்டே போவாங்க. காலையில வந்தா சாயங்காலம் முடிஞ்சிரும். கட்டிலை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகத்தினாப் போதும், அவ வீட்டுலயே இருக்கலாம். காலுக்கு இதமா இருக்குதுங்க. நான் கடையில செருப்பைக் கழட்டிட்டு நடந்தே பாத்தேன்."

"குறை?"

"நடந்தா டொக்கு டொக்குனு சத்தம் கேக்கும்."

"நல்லதுதானே? அவங்க எந்திரிச்சா உங்களுக்குத் தெரியும்."

"தண்ணிதானுங்க ஆகாது. தண்ணி தேங்கினா பலகை ஊதிரும். ஊதினா அவ்வளவுதான், பேத்து வெளியே போட வேண்டியதுதான்." நஞ்சப்பன் பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். "சாமி, கால் விறைக்குதுங்க."

"இருங்க. யோசிக்க வேண்டாமா?"

குரு யோசித்தார். ஓட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நஞ்சப்பன் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். விரல்கள் வெளுத்திருந்தன.

"இன்னும் ரொம்ப நேரம் ஆகுமுங்களா?"

"நீங்க எப்போ யோசிக்க ஆரம்பிச்சீங்க, அண்ணா?"

"ஆவணியிலங்க."

சொல்லிவிட்டு மறுபடி தன் வெளுத்த விரல்களைப் பார்த்தார். குருவே சாக்ஸை எடுத்துக் கொடுத்தார். நஞ்சப்பன் உட்கார்ந்து போட்டுக்கொண்டார்.

"உங்க வீட்டுல தினம் தரையைக் கழுவறீங்களா?" என்று கேட்டார் குரு.

"இல்லைங்க. துணியை நனைச்சுப் பிழிஞ்சு துடைக்கறதுதான்."

"துடைச்சா இந்தப் பலகை தாங்குமா?"

"தாங்குமுங்க."

"மழைத் தண்ணி உள்ளே வருமா?"

"ஒரு பொட்டு வராதுங்க. போன வருஷம்தான் கூரையைப் பாத்தோம்."

"அப்ப தண்ணியை எப்போ ஊத்துவீங்க?"

நஞ்சப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"வீட்டுல ஒரு காரியம்னு ஆயிட்டா... எடுத்துட்டுப் போனதும் கழுவி விடணுமுங்களே. எங்க சனத்துல குடம் குடமா ஊத்துவாங்க. துடைச்சா ஒத்துக்க மாட்டாங்க. தம்பிதான் ஞாபகப்படுத்தினான். கருமாதிக்கு வர்ற சனம் ஊதிக் கிடக்கிற தரையிலயா உக்காரும், பேசாம டைல்ஸைப் போடுண்ணான்னான்."

"எங்கே வெச்சுச் சொன்னார்?"

"எங்க வீட்டு ஹால்லதானுங்க."

"அண்ணியோட கட்டில் எங்கே கிடக்கு?"

"ஹால்லதான்." அவசரமாகச் சேர்த்துச் சொன்னார்: "கண்ணை மூடித்தான் படுத்திருந்தாளுங்க சாமி. தூங்கிட்டான்னு நினைச்சோம்."

"அவங்களுக்கு எந்தத் தரை வேணுமாம்?"

"முதல்ல எல்லாம் பலகைதான் வேணும்னா. மறுநாள் கஞ்சி குடிக்கறப்ப, டைல்ஸே போட்டுருங்கன்னுட்டா."

"ஏனாம்?"

உள்ளே ரங்கம்மா கீரை அரிகிற சத்தம் நின்றிருந்தது.

"'கழுவறதுக்கு உங்களுக்குச் சௌகரியமா இருக்கும்'னா, சாமி."

நஞ்சப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மழை மறுபடி பிடித்து, பெய்து, அடங்கியது.

பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு லேமினேட் பலகையை எடுத்து மடியில் வைத்தார். உள்ளங்கையால் அதை ஒருமுறை தடவினார்.

"இதைப் போட்டா, அன்னைக்குத் தண்ணி பட்டதும் ஊதிருமுங்க சாமி."

"ஊதட்டும்" என்றார் குரு.