வாளிக்குக் கீழே

கோவளம் கரையில் அலைச்சறுக்குக் கற்றுத்தரும் ஆரோக்கியத்தை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சுகந்தி மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவனைவிட மூத்தவள். ஆண், பெண் என்று பிரிக்காமல் நடந்த ஊர்ப் போட்டிகளில் அவள் முதலில் வருவாள், அவன் அடுத்து வருவான். வருடா வருடம் அப்படித்தான்.

பிறகு அவளுக்குக் கல்யாணம், மஸ்கட்டில் வேலை, இடது முழங்காலில் ஓர் ஆபரேஷன். பத்துப் பன்னிரண்டு வருடம் கடலைத் தள்ளி நின்று பார்த்ததோடு சரி. இப்போது ஊரோடு திரும்பி வந்துவிட்டாள்.

அன்று காலை கொட்டகைக்கு வந்தவள் நேராகச் சுவரைப் பார்த்தாள். அவளுடைய பழைய பலகை அங்கேயே தொங்கியது. குட்டையான, மெல்லிய பலகை. மேல்பரப்பில் அவள் பாதம் அழுந்தி அழுந்தி விழுந்த இரண்டு பள்ளங்கள். அதற்குக் கீழே நீளமான சிவப்பு ஸ்பாஞ்சுப் பலகைகள் அடுக்கியிருந்தன. கடலில் முதல்முறை இறங்கும் ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்குக் கொடுப்பவை.

"எதை எடுக்கட்டும்?" என்றாள்.

ஆரோக்கியம் யோசித்தான்.

"அந்தப் பக்கம் படகு எதுவும் வருதா, பாருங்கக்கா."

அவள் கடலைப் பார்த்துத் திரும்பினாள். அவன் பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளினான்.

புதிதாக வருகிறவர்களைச் சொல்லாமல் கொள்ளாமல் தள்ளுவது அங்கே வழக்கம். விழாமலிருக்க எந்தக் கால் முன்னால் வருகிறதோ, பலகையிலும் அந்தக் கால்தான் முன்னால் நிற்க வேண்டும். எத்தனையோ பேரை அவளே அப்படித் தள்ளியிருக்கிறாள். ஆரோக்கியத்தையும்.

"எனக்கேவா?"

அவன் மணலைக் குனிந்து பார்த்தான். ஒரு வாளியை எடுத்து வந்து அங்கே கவிழ்த்து வைத்தான்.

அவள் பழைய பலகையைச் சுவரிலிருந்து இறக்கினாள். அவன் தடுக்கவில்லை.

"இன்னைக்கு நிக்க முடியலேன்னா இதை யாருக்காவது கொடுத்துடு. நானும் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

"கயிறைக் கட்டிக்கிட்டுப் போங்க" என்றான்.

வழக்கம்போல வலது கணுக்காலில் பலகையின் கயிற்றைக் கட்டிக்கொண்டு போனாள்.

அலைகள் இடுப்பளவுதான் வந்தன. கைகள் எதையும் மறக்கவில்லை. துடுப்புப் போலத் தண்ணீரைத் தள்ளி அலையைப் பிடித்தன. எழுந்து நிற்கும்போதுதான் தகராறு. இடது கால் ஒரு கணம் தாமதித்தது, பலகை போய்விட்டது. மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த தெரிந்தவர்கள் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்கள். சிரித்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

ஒவ்வொரு முறை தலையைத் தூக்கும்போதும் அந்த வாளி கண்ணில் பட்டது. தண்ணீர் பிடிக்க யாரோ அதை எடுக்கப் போக, ஆரோக்கியம் ஓடிவந்து தடுப்பதும் தெரிந்தது. ஒரு கட்டத்தில் அவளுக்கு அலையைவிட வாளி பெரிய விஷயமாகிவிட்டது. கரையேறினாள்.

"அதுக்குக் கீழே என்ன?"

"தூக்கிப் பாருங்க."

தூக்கினாள். ஆழமாக ஒரு கால்தடம். கட்டைவிரல் இடப்பக்கம் இருந்தது. வலது கால்.

"இது என் கால் இல்ல."

"வேற யாரைத் தள்ளினேன்?"

"நான் எப்பவும் இடது காலைத்தானே முன்னால வைப்பேன்."

"தெரியும்க்கா. எத்தனை போட்டியில அந்தக் காலைப் பின்னாலேருந்தே பார்த்துக்கிட்டு வந்திருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈரக் காலைத் தடத்தில் வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது. ஆபரேஷனுக்குப் பிறகு மஸ்கட் வீட்டின் மாடிப்படியில் தினமும் வலது காலை முதலில் வைத்து ஏறியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எப்போது அது பழக்கமானது என்று தெரியவில்லை.

ஒரு சிவப்புப் பலகையை இழுத்தாள். பின்னால் நிற்கும் காலில்தான் கயிறு கட்ட வேண்டும். வலது கணுக்காலில் மணல் ஒட்டியிருக்க, இடது கணுக்காலில் கட்டிக்கொண்டாள்.

சிவப்புப் பலகை எருமை மாதிரி மெதுவாகத்தான் திரும்பியது. சின்ன நுரையலை ஒன்று அதைத் தூக்கியது. வலது கால் கேட்காமலே முன்னால் வந்தது. அவள் நின்றாள். பலகை மணலில் தட்டும்வரை நின்றாள். தட்டிய பிறகும் நின்றாள்.

"கரை வந்திடுச்சு, எறங்கும்மா" என்றார் வலைக்காரர் ஒருவர்.

கொட்டகைக்குத் திரும்பியபோது பழைய பலகை மறுபடி சுவரில் ஏறியிருந்தது. அதன் பள்ளங்களைத் தடவிப் பார்த்தாள்.

"இது எனக்கு எப்போ சரியா வரும், மாஸ்டர்?"

அவள் அப்படிக் கூப்பிட்டதைக் கவனித்ததாக அவன் காட்டிக்கொள்ளவில்லை.

"அதுல இடது காலை முன்னால வச்சு நின்னவங்க வந்து கேட்டா எடுத்துக் கொடுத்துடறேன்க்கா. நீங்க செவப்பைக் கழுவி வச்சிட்டுப் போங்க. நாளைக்கு உங்களுக்கு வேணும்."