அழகுராஜின் வண்டிச் சத்தம்

கோவில்பட்டி பைபாஸில் ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூம். முன்பக்கம் கண்ணாடிக்குள் புது வண்டிகள், பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே சர்வீஸ். அங்கே நடந்ததைச் சொல்கிறேன். இதில் யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன்.

வேலம்மாளின் கணவர் அழகுராஜ் ஊர் ஊராகப் போய்க் கடைகளுக்குத் தேயிலைத் தூள் போட்டவர். பதினாறு வருஷமாக ஒரே வண்டி. என்ஜினின் இடப்பக்கத்திலிருந்து ஒரு கடகடப்பு வரும். தெருமுனையில் அது கேட்டதுமே இவள் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிடுவாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவருக்குத் தலையில் ரத்தம் கட்டி ஆபரேஷன் ஆனது. உயிர் மிஞ்சியது, பேச்சும் ஆள் அடையாளமும் மிஞ்சவில்லை. பெண்டாட்டியின் முகத்தையும் சுவரையும் ஒரே மாதிரிதான் பார்ப்பார். பிள்ளைகள் கிடையாது.

வண்டியை விலைக்குக் கேட்டு வந்த ஒருவர் ஸ்டார்ட் செய்து பார்த்தார். உள்ளே கட்டிலில் கிடந்தவரின் வலது கை போர்வைக்கு மேலே எழும்பி, மணிக்கட்டை மெல்ல முறுக்கியது, ஆக்ஸிலேட்டர் கொடுக்கிற மாதிரி. வேலம்மாள் வண்டியை விற்கவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு உள்ளே ஓடிவந்து, அந்தக் கைக்குள் தன் கையைக் கொடுப்பாள். அவர் பிடித்து முறுக்குவார். மூன்று நிமிஷம். பாக்கி நேரத்தையெல்லாம் அவள் அந்த மூன்று நிமிஷத்தை வைத்துத்தான் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் பேட்டரி செத்தது. கிக்கரை உதைக்க அவள் முட்டி இடம் கொடுக்கவில்லை. சரக்கு ஆட்டோவில் வண்டியை ஏற்றி ஷோரூமுக்குக் கொண்டுபோனாள். சர்வீஸுக்கு வரும் வண்டிகளைப் பதிந்து வாங்குகிறவன் ஜெபஸ்டின்.

"பேட்டரி மட்டும் போட்டாப் போதும் தம்பி."

"பேட்டரி மட்டும்னா ஆஃபர் கிடையாதுக்கா. ஃபுல் சர்வீஸோட எடுத்தா நானூறு ரூவாதான் கூட வரும். வண்டி புதுசு மாதிரி ஆயிரும்."

"பழசு மாதிரியே இருந்தாப் போதும்."

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தான். வழக்கப்படி மீட்டரைப் பார்த்து ஜாப் கார்டில் கிலோமீட்டர் எழுதினான்: 91,286. அதற்கு மேல் வரியிலேயே, இரண்டு வருஷத்துக்கு முந்தைய சர்வீஸின் கணக்கு இருந்தது: 91,274. எழுதினானே தவிர, அதைப் படிக்கவில்லை. வேலம்மாளுக்கும் வீட்டுக் கட்டில் கதையை முன்பின் தெரியாதவனிடம் சொல்ல வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

மெக்கானிக் காசிமாயன் அந்தப் பட்டறையிலேயே காது கூர்மையான ஆள். ஓடவிட்டுக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, என்ஜினுக்குள் இருக்கும் டைமிங் செயின் தேய்ந்திருக்கிறது, அந்தக் கடகடப்பு அதனால்தான். ஜெபஸ்டின் போன் போட்டான். "ஒரு பார்ட் தேஞ்சிருக்காம்க்கா, மாத்திரலாமா?" "வண்டி ஸ்டார்ட் ஆகணும் தம்பி, என்ன செய்யணுமோ செய்ங்க." மாற்றினார்கள். கழற்றிய பழைய செயினை, ஷோரூம் வழக்கப்படி ஒரு கவரில் போட்டு அவளிடமே கொடுத்தார்கள்.

சாயங்காலம் ஸ்டார்ட் செய்தாள். வண்டி பூனை மாதிரி முனகியது. ஓடிவந்து கையைக் கொடுத்தாள். அவர் கை அசையவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

நான்காம் நாள் அந்தக் கவரோடு ஷோரூமில் வந்து நின்றாள். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னாள். "பழைய சத்தத்தை வச்சுத் தாங்க."

ஜெபஸ்டின் உள்ளே போய், அவள் கட்டிய பணம் முழுவதையும் தன் சம்பளக் கணக்கில் எழுதிவிட்டு எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான்.

மேனேஜர் சுந்தரவடிவேல் தலையை ஆட்டினார். "தேஞ்ச செயினை எங்க கையால மாட்ட முடியாதும்மா. ஓடும்போது என்ஜின் இறுகி எவனாவது ரோட்டுல விழுந்தான்னா, அந்தப் பாவத்தை யாரு சுமக்கிறது?" சாக்கு அல்ல. அப்படி விழுந்த ஒருவனை அவரே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

வார லீவு அன்று காசிமாயன் ஸ்பேனர் பையோடு அவள் வீட்டுக்குப் போனார்.

"இது எத்தனை நாள் தாங்கும்னு சொல்ல முடியாதுக்கா. அறுந்தா என்ஜினே போயிரும். அப்புறம் எந்தச் சத்தமும் கேக்காது."

"இப்ப மட்டும் என்னத்தக் கேக்குது?"

பழைய செயினை மாட்டினார். கிளம்பும்போது, பின்சக்கரத்தைச் சுற்றுகிற பெரிய செயினைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். விஷயம் தெரிந்து மேனேஜர் அவரை ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தவன் ஒருவன். முடியாது என்றவர் ஒருவர். முடியாது என்றதைச் செய்தவர் ஒருவர். சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: ஜெபஸ்டினுக்கு நல்ல மனசுதான், ஆனால் அவள் கேட்காததைத்தான் கொடுத்தான். இரண்டு வருஷத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிய வண்டி எதற்காக சர்வீஸுக்கு வருகிறது என்று முதல் நாளே அவன் கேட்டிருக்கலாம். மேனேஜர் சொன்னது ஓடுகிற வண்டிக்குச் சரி. பின்செயின் இல்லாத வண்டியின் என்ஜின் ஓடும், வண்டி நகராது. அதிலிருந்து யாரும் விழ முடியாது. ஆகவே காசிமாயன் செய்ததே சரி. கை அசைந்ததா என்று கேட்பீர்கள். அசைந்தது. ஆனால் வேலம்மாள் இப்போது தினமும் ஸ்டார்ட் செய்வதில்லை. செயின் இன்னும் கொஞ்ச நாள் வரட்டும் என்று வெள்ளிக்கிழமை மட்டும். மற்ற ஆறு சாயங்காலமும் சாவியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறாள்.