வட்டமாக நின்ற படை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு நாளுக்கொரு ஆசை முளைத்துக்கொண்டிருந்த ஒரு தேசத்தில், ஒரு நாள் அவருக்குத் தன் படை பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. படை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை அதற்கு அடுத்த வாரம்தான் வந்ததாக அரண்மனைச் சமையற்கட்டில் பேசிக்கொண்டார்கள்.

உடனே தண்டோரா போட்டார்கள். படையில் இருப்பவன் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வரக் கூடாது. குடுமியை இறுக்கி முடிந்திருக்க வேண்டும். இடுப்புக் கச்சை தளரக் கூடாது. காலையில் முரசு கொட்டியதும், வாள் கட்டிய ஒவ்வொருவரும் தமக்கு இடப்பக்கம் நிற்பவரை உச்சி முதல் பாதம் வரை பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் சொல்லித் திருத்த வேண்டும்.

படை வரிசையில் வலது கோடியில் நிற்பவர் சேனாபதி. அவருக்கு இடப்பக்கம் உபசேனாபதி. அப்படியே பதவி இறங்கி இறங்கி, இடது கோடியில் நேற்றுச் சேர்ந்த சிப்பாய். ஆக, பெரியவர் சின்னவரைத் திருத்துவார். சேனாபதியைத் திருத்த யாரும் இல்லை. அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. சேனாபதி மழவராயரிடம் திருத்துவதற்கு ஒன்றுமே இருந்ததில்லை.

அந்த வருஷம் மார்கழியில்தான் வினை வந்தது. மழவராயர் நரைத்த முடி தோளில் புரளக் குதிரை மேல் வர ஆரம்பித்தார். எல்லோரும் பார்த்தார்கள், பார்த்தவுடன் எல்லோருக்கும் வானத்தில் ஏதோ பறவை தெரிந்தது. அரசவை விகடகவி பூவராகன் மட்டும், “மயிலுக்கு வயசானால் தோகை நரைக்கும் போலிருக்கிறது” என்று சபையில் சொல்லி வைத்தான். சபை வயிறு குலுங்கச் சிரித்தது. பூவராகனுக்கு அன்று இரண்டு வேளை சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

பிறகு ஒரு காலை, கோட்டை வாசல் காவலன் செல்லாண்டி ஈட்டியைக் குறுக்கே நீட்டிச் சேனாபதியின் குதிரையை நிறுத்தினான்.

“சாமி, கோவிச்சுக்கப்படாது. தலை விரிஞ்சு கெடக்கு. முடிஞ்சுக்கிட்டு உள்ள போங்க.”

மழவராயர் ஒன்றும் பேசவில்லை. குதிரையைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கும் சேர்த்துப் பேசியவர் மந்திரி குணசீலர்.

“அரசே! ஒரு வாசற்காவலன் சேனாபதிக்குத் தலைவாரக் கற்றுக்கொடுக்கிறான்! நாளை தங்கள் கிரீடம் கோணல் என்பான்!”

செல்லாண்டியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். தரையைப் பார்த்தபடி அவன் சொன்னான்: “மகாராசா, தண்டோராவுல சொன்னதத்தான் நான் சொன்னேன். விரிஞ்ச முடியை எதிரி எட்டிப் புடிச்சுட்டான்னா தலை போயிருமே. நம்ம சேனாபதி தலை போனா அப்புறம் நமக்கென்ன இருக்கு?”

“சட்டம் என்ன சொல்கிறது?” என்று பாய்ந்தார் மந்திரி. “இடப்பக்கம் நிற்பவரைத்தான் திருத்தலாம். சேனாபதி உனக்கு இடப்பக்கமா நின்றார்? எதிரில் வந்தார்! சட்டத்தை மீறியவன் நீதான். அரசே, இவன் வாளைப் பிடுங்கி, தலையை மொட்டையடித்து, குடும்பத்தோடு எல்லைக்கு வெளியே துரத்த வேண்டும்.”

ராஜா நெளிந்தார். காவலன் சொன்னது நியாயம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் மழவராயரைக் கூப்பிட்டு ‘முடியை முடிந்துகொள்ளும்’ என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அந்த மனிதர் இல்லாவிட்டால் சிம்மாசனமும் இல்லை, அதில் உட்கார ராஜாவும் இல்லை.

பூவராகனுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அதனால்தான் அவனுக்கு வேலையே கிடைத்தது. “மகாராஜா, வாசலில் நாய் குரைத்தால் திருடன் வந்தானா என்று பார்ப்பதா, நாய்க்கு ராகம் தெரியவில்லை என்று அடிப்பதா?” என்றான்.

மந்திரி இதற்காகத்தான் காத்திருந்தார். தம் ஆலோசனையை ராஜா கொட்டாவியோடும் பூவராகன் பேச்சைக் காதோடும் கேட்பது அவருக்கு நெடுநாள் புண். “நல்லது. விகடகவியே வழி சொல்லட்டும். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாமல் சேனாபதியின் முடியைத் திருத்தட்டும். அவருக்கு வலப்பக்கம் நிற்பது காற்று ஒன்றுதான். காற்று வந்து குடுமி முடியட்டும்!”

ராஜாவுக்கு இதில் ஒரு குஷி பிறந்துவிட்டது. “ஆமாம் பூவராகா! நாளைக் காலை அணிவகுப்பு. முடித்துக் காட்டினால் செல்லாண்டி பிழைத்தான். முடியாவிட்டால் அவனோடு உனக்கும் மொட்டை.”

“எனக்கு இருக்கும் முடிக்கு நாவிதர் கூலி வாங்கவே வெட்கப்படுவார், மகாராஜா” என்று தலையைத் தடவினான் பூவராகன். சபை சிரித்தது. அவனுக்குத்தான் உள்ளே சிரிப்பு வரவில்லை. செல்லாண்டியின் மனைவி கைக்குழந்தையோடு தூண் ஓரமாக நின்றிருந்தாள். அவள் அழாமல் நின்றதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“அதுவரை இவன் படையிலே கடைசி ஆள்!” என்று மந்திரி போகிற போக்கில் செல்லாண்டியின் பதவியையும் இறக்கிவிட்டுப் போனார். பூவராகன் அவர் போன திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். மந்திரி வலியக் கொடுத்த வரம் என்றால் அவனுக்கு அதுதான்.

பிறகு ராஜாவிடம் போனான். “நாளைக்கு மேடையில் உட்கார வேண்டாம், மகாராஜா. வாளைக் கட்டிக்கொண்டு படையோடு நில்லுங்கள். படை பார்த்தால் பூரித்துப் போகும்.” ராஜாவுக்குப் புது ஆசை என்றால் கசக்குமா? சரி என்றார்.

காலையில் மைதானத்துக்கு வந்தவர்கள் திகைத்தார்கள். தரையில் சுண்ணாம்பால் ஒரு பெரிய வட்டம். பூவராகன் முகத்திலும் வேட்டியிலும் பாதிச் சுண்ணாம்பு.

“இது என்ன கூத்து? படை நிற்கப் போகிறதா, கும்மியடிக்கப் போகிறதா?” என்றார் மந்திரி.

“நேராக நிற்க வேண்டும் என்று தண்டோராவில் எங்கே சொன்னார்கள், மந்திரியாரே? பதவிப்படி நிற்க வேண்டும். நிற்கட்டும்.”

ராஜா முதலில் நின்றார். அவருக்கு இடப்பக்கம் சேனாபதி. அடுத்து உபசேனாபதி, தளபதிகள், குதிரைக்காரர்கள், வில்லாளிகள் என்று வரிசை வளைந்து வளைந்து போய், கடைசி ஆளான செல்லாண்டி ராஜாவின் வலது தோளை ஒட்டி வந்து நின்றான். மந்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. வாள் கட்டியவர் எல்லோரும் வட்டத்தில் நிற்க வேண்டுமே என்று, தம் இடுப்பில் அலங்காரத்துக்குத் தொங்கிய சின்ன வாளைச் சத்தமில்லாமல் கழற்றிப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

முரசு அதிர்ந்தது.

ஆயிரம் கழுத்து ஒரே நேரத்தில் இடப்பக்கம் திரும்பியது. பூவராகன் எத்தனையோ வேடிக்கை பார்த்தவன்; இதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை. நெல் வயலில் காற்று ஓடுவது போல அந்த வட்டத்தில் கைகள் ஓடின. ஒருவர் வாரை ஒருவர் இழுத்துக் கட்டினார், ஒருவர் குடுமியை ஒருவர் இறுக்கினார். முதலும் கடைசியும் இல்லாமல், ஆயிரம் பேரும் ஒரே உடம்பு போல நின்றார்கள். தான் கிண்டலுக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடா இது என்று அவனுக்குப் புல்லரித்தது.

பிறகு ஒவ்வொருவராகக் கை ஓய்ந்தார்கள். செல்லாண்டி மட்டும் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இடப்பக்கம் ராஜா. காலையில் பத்து ஆப்பம் சாப்பிட்ட ராஜா கச்சையைத் தளர்த்தி விட்டிருந்தார். அது ஒரு முழம் தொங்கியது.

சேனாபதியிடம் சொல்லித்தான் அவனுக்கு இந்தக் கதி. இப்போது ராஜாவிடம்? பூவராகனுக்கு இரண்டு மனசு. ‘சொல்லாதேடா, நாம் ரெண்டு பேரும் மொட்டையே அடித்துக்கொள்வோம்’ என்று ஒரு மனசு. ‘சொல்லுடா சிங்கமே’ என்று ஒரு மனசு.

“மகாராசா,” என்றான் செல்லாண்டி. குரல் நடுங்கியது; வார்த்தை நடுங்கவில்லை. “கச்சை அவுந்து கெடக்குதுங்க.”

ராஜா குனிந்து பார்த்தார். செல்லாண்டியைப் பார்த்தார். பிறகு, சட்டை போட்டுவிட நிற்கும் குழந்தையைப் போல இரண்டு கையையும் தூக்கி நின்றார். செல்லாண்டி மண்டியிட்டு, இழுத்து, இறுக்கி முடிந்தான். ஆயிரம் பேர் மூச்சு விட்ட சத்தம் மைதானத்தில் கேட்டது.

இப்போது ராஜாவுக்கு வேறு வழியில்லை. இடப்பக்கம் திரும்பினார்.

“சேனாபதி, முடியை முடிந்துகொள்ளும்” என்றார், மெதுவாக.

மழவராயர் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். “முடியாது, பிரபு.”

பூவராகனின் கை தானாகப் போய்த் தன் தலையைத் தடவியது.

“கை தோளுக்கு மேல் எழும்பாது. ஆற்றங்கரைச் சண்டையில் தங்களுக்கு வந்த அம்பை வாங்கிய தோள். வாளை இடுப்போடு சுழற்றப் பழகிக்கொண்டேன். குடுமிக்கு ஒரு வழியும் பழக முடியவில்லை. என் வீட்டம்மா இருந்தவரை அவள் முடிந்துவிட்டாள். கார்த்திகையில் அவள் போய்விட்டாள். வேலைக்காரனிடம் தலையைக் கொடுத்தால் ஊருக்குத் தெரியும். கை எழாத கிழவனைத் தாங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களோ என்று...” அவர் முடிக்கவில்லை.

பூவராகனுக்குத் தன் மயில் தோகை ஞாபகம் வந்தது. அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

ராஜா கிரீடத்தைக் கழற்றிச் செல்லாண்டியின் கையில் கொடுத்தார். சேனாபதிக்குப் பின்னால் போய் நின்று, அந்த நரைத்த முடியை இரண்டு கையாலும் அள்ளினார். படை தலை குனிந்தது. யாரும் கட்டளையிடவில்லை, அதுவாகவே குனிந்தது. அப்போது மைதானத்தில் கோயில் கர்ப்பகிருகத்தில் இருக்கிற அமைதி இருந்தது.

அந்த அமைதியில் ராஜா முடிந்தார், அவிழ்த்தார், மறுபடி முடிந்தார். பிறந்ததிலிருந்து தன் தலையைத் தானே வாரியிராதவர் அல்லவா! கடைசியில் குடுமி மழவராயரின் இடது காதுக்கு மேல் ஒரு சுண்டைக்காய் போல உட்கார்ந்தது.

மழவராயர் தொட்டுப் பார்க்க முடியாமல், “எப்படி இருக்கிறது, பிரபு?” என்று கேட்டார்.

ராஜா சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். உதடு துடித்தது. “எதிரி உம்மை வெட்ட மாட்டான், சேனாபதி. சிரித்தே செத்துவிடுவான்!” என்று வெடித்துச் சிரித்தார். மழவராயரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஆயிரம் பேர் சிரித்ததில் கோட்டைப் புறாக்கள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. மந்திரிகூடச் சிரித்தார்; சிரிக்காவிட்டால் பின்னால் ஒளித்த வாளை யாராவது கவனிப்பார்களே!

அன்றே செல்லாண்டி சேனாபதியின் மெய்க்காவலன் ஆனான். தினமும் காலையில் குடுமி முடிவது அவன் பொறுப்பு.

“உனக்கு என்ன வேண்டும், பூவராகா?” என்றார் ராஜா. “முத்துமாலையா, கிராமமா?”

“வாள் ஒன்று கொடுங்கள், மகாராஜா.”

“வாளா! உனக்குச் சண்டை தெரியுமா?”

“கத்தரிக்காய் வெட்டவே பயம். ஆனால் செல்லாண்டி மேலே போய்விட்டானே. படையில் கடைசி இடம் காலி. அந்த இடத்தில் நிற்பவனுக்கு இடப்பக்கம் நிற்பது யார்?”

ராஜா ஒரு கணம் யோசித்தார். யோசித்ததும் சிம்மாசனத்தில் கையடித்துச் சிரித்து, முத்துமாலையையும் கழற்றிப் போட்டு, தன் வாளையே அவிழ்த்து அவன் இடுப்பில் கட்டிவிட்டார்.

வாள் கனத்தில் பூவராகனின் கச்சை நழுவியது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டே ராஜாவை உச்சி முதல் பாதம் வரை பார்த்தவன், “மகாராஜா, நாளையிலிருந்து ஐந்து ஆப்பம்தான்” என்றான்.