யாருடைய நாடி?

ராஜபாளையம் பக்கத்து நூற்பாலை ஒன்றில் டீ போட்டுக் கொடுப்பவள் வேலுத்தாய். அந்த ஆலையில் தொழிலாளிகள் எல்லாரும் கையில் ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். நாடியைப் பார்த்து, உடம்பு அசந்தால் அது சிவப்பு காட்டும். உடனே ஆளை உட்கார வைக்க வேண்டும். மேனேஜர் தாமோதரனுக்கோ மெஷின் நிற்கக் கூடாது. சிவப்பு காட்டிய பட்டைகளைக் கழற்றி வேலுத்தாயின் கையில் மாட்டிவிடுவார். கணக்கில் எல்லாம் பச்சையாகவே விழும்.

அன்றைக்கு மெஷினில் நின்ற சண்முகக்கனியின் பட்டையும் அப்படித்தான் கைமாறியது. இரண்டாவது ஷிஃப்டாகத் தொடர்ந்து நின்றவள், மதியம் இரண்டு மணிக்குக் கண் சொருகி மெஷினில் விழுந்து செத்துப்போனாள்.

மறுநாள் விசாரணைக்கு ஆய்வாளர் வந்தார். தாமோதரன் சண்முகக்கனியின் பட்டைக் கணக்குத் தாளை நீட்டினார்.

"பாருங்க சார், முழுக்கப் பச்சை. அவளுக்கு அசதியே இல்ல, கவனக்குறைவு." பிறகு வேலுத்தாயை முறைத்தார். "பட்டை அவ கையிலதான இருந்துச்சு? சொல்லு."

"ஐயா சொன்னா சரிதாங்க. ஆனா அவ ரெண்டு மணிக்குச் செத்தா. அதுக்கப்புறம் தாள்ல என்ன இருக்குன்னு கொஞ்சம் படிங்க சார்."

ஆய்வாளர் படித்தார். இரண்டரைக்குப் பச்சை. மூன்று மணிக்கும் நாடி துடித்துக்கொண்டிருந்தது.

"செத்தவளுக்கு ஏதுய்யா நாடி?"

வேலுத்தாய் கையை நீட்டினாள்.

"அது என்னோடதுங்க."

அன்றே தாமோதரன் மேல் வழக்குப் பதிவானது. "துணிஞ்சு சொல்லிட்டியேம்மா," என்றார் ஆய்வாளர்.

வேலுத்தாய் தலை நிமிரவில்லை. "நேத்துக் காலையிலேயே சொல்லியிருந்தா அவ இருந்திருப்பா சார்," என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.