ஆறு மணிக்குக் குளிர்கிறவர்

திருமலைச்சாமி முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய் கரண்ட் ரீடிங் எடுத்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே, கொழிஞ்சாம்பாறையில் சோலார் வேலை செய்யும் அமலோற்பவத்திடம் போய் நின்றார்.

"எனக்கும் இந்தத் தொழிலக் கத்துக்குடுங்க, அம்மிணி."

அமலோற்பவம் ஏணி மேல் இருந்தார். அவருக்கு வயது நாற்பத்தொன்று. கீழே நின்றவருக்கு ஐம்பத்தெட்டு.

"ஏனுங்கண்ணா, ஊட்ல சும்மா இருக்க முடியலீங்களா?"

"இத்தன வருசம் செலவாகறத மட்டும் பாத்துட்டேன். உண்டாகறதையும் ஒருக்காப் பாத்தரலாம்னு தோணுச்சு."

அமலோற்பவம் சிரித்தார். பிறகு கையை நீட்டி, "அந்த ஸ்பேனர எடுத்துக் குடுங்க" என்றார். அவ்வளவுதான் தீட்சை.

அந்தப் பக்கத்து வீடுகளில் அப்போது கரண்டுக்கு நேரத்துக்கு ஒரு விலை வந்திருந்தது. பகலில் மலிவு. மாலை ஆறிலிருந்து பத்து வரை விலை கூடுதல். கூரையில் பேனல் வைத்திருந்தவர்களுக்கு இது சங்கடம். வெயில் இருக்கும்போது கரண்ட் மலிவாகக் கிடக்கிறது, வெயில் இறங்கியதும் விலை ஏறிவிடுகிறது. பகல் கரண்டைச் சேர்த்து வைத்து மாலையில் எடுத்துக்கொள்ள ஒரு பேட்டரி வேண்டும். எவ்வளவு பெரிய பேட்டரி என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

திருமலைச்சாமிக்கு அது கைவந்த கணக்கு. மூன்று மாத ரீடிங்கைப் போனில் எடுப்பார். ஆறிலிருந்து பத்துக்குள் எத்தனை யூனிட் ஓடியது என்று பார்ப்பார். ஒரு துண்டுக் காகிதத்தில் அளவை எழுதிக் குருவிடம் நீட்டுவார். பெரும்பாலும் அமலோற்பவம் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவார்.

ஏப்ரல் தொடக்கத்தில் மாரப்பன் வீட்டுக்குப் பேட்டரி கேட்டு ஆள் வந்தது.

மாரப்பன் தென்னை மரம் ஏறியவர். இரண்டு வருடம் முன்பு மரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு போய்விட்டது. கழுத்துக்குக் கீழே அசைவில்லை. வியர்வையும் இல்லை. உடம்புக்குள் ஏறிய சூடு வெளியே போக வழி தெரியாமல் உள்ளேயே நிற்கும். அறை எப்போதும் குளிர்ந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரோடு மரம் ஏறியவர்கள் சேர்ந்து பேனலும் ஏசியும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். இப்போது பேட்டரியும் வாங்கித் தருகிறோம், அளவு மட்டும் சொல்லுங்கள் என்றார்கள்.

"சின்னதே போதும்" என்றார் திருமலைச்சாமி.

"எப்படிச் சொல்றீங்க?"

"ஆறு மணி வாக்குல ஏசி நின்னுருது. பத்துக்குத்தான் மறுக்கா ஓடுது. நடுவுல ஒரு பேனு, ரெண்டு லைட்டு. தெனமும் இதேதான்."

"தெனமும் சரியா ஆறுக்கா?"

"பிப்ரவரில ஆறுக்கு நின்னுச்சு. அப்பறம் ஆறேகால். இப்ப ஆறரை தாண்டிப் போகுது. கொஞ்சங் கொஞ்சமாத் தள்ளிக்கிட்டே போகுதுங்க அம்மிணி."

அமலோற்பவம் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எதுக்கு நிறுத்தறாங்களாம்?"

"அது ரீடிங்ல வராதே."

"செரி, நாளைக்கு அஞ்சரைக்குப் போலாம்."

"போயி? அங்க அளக்கறதுக்கு என்ன இருக்குது?"

"சும்மா உக்காந்துட்டு வரலாங்ணா."

மறுநாள் போனார்கள். சின்ன அறை. திரை இழுத்து மூடியிருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் தலைப்பக்கம் உயர்த்திப் படுத்திருந்தார் மாரப்பன்.

"வாங்க வாங்க. எந்திரிச்சுக் கும்பிடலைன்னு கோவிச்சுக்காதீங்க" என்றார்.

அவர் மனைவி மயிலாத்தா டீ கொண்டுவந்தார். இருவருக்கும் கொடுத்துவிட்டுக் கணவருக்கு ஆற்றி ஆற்றி வாயில் ஊட்டினார்.

"டீயில சக்கரை இல்ல பாருங்க" என்றார் மாரப்பன். "கேட்டா, நான் ஊட்றதே சக்கரைதாங்கறா."

"நான் எப்பச் சொன்னேன்?" என்று மயிலாத்தா அவர் வாயைத் துடைத்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். திருமலைச்சாமி அண்ணாந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தே கால். போனைப் பார்த்தார். ஆறு தாண்டி ஐந்து நிமிடம்.

"ஏனம்மா, உங்க கடிகாரம் அம்பது நிமிசம் லேட்டா ஓடுதே?"

மயிலாத்தாவின் கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது. அமலோற்பவம் சிஷ்யரின் காலை மிதித்தார். அதற்குள் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது.

மாரப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"அப்ப ஆறு ஆயிருச்சா?"

மயிலாத்தா டம்ளரைக் கீழே வைத்தார்.

"மயிலு, ஏசிய நிறுத்து. எனக்குக் குளுருது."

"வெளிய நெருப்பாட்டம் அடிக்குது..."

"எனக்குக் குளுருதுங்கறேன்ல்ல."

மயிலாத்தா ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். திரையை விலக்கி ஜன்னலைத் திறந்தார். பகலெல்லாம் வெயில் குடித்த மேற்குச் சுவர் உள்ளே அனலை விட்டது. கால் மணி நேரத்தில் திருமலைச்சாமியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாரப்பன் முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. முகம் மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

மயிலாத்தா ஒரு துண்டை நனைத்துக்கொண்டு வந்தார். "மூஞ்சில டீ ஒட்டியிருக்குது" என்று துடைத்தார். மறுபடி நனைத்தார். "கழுத்துல பவுடர் திப்பித் திப்பியா இருக்குது" என்று துடைத்தார். மறுபடி நனைத்தார்.

"இவளுக்கு என்னையத் தொடைக்கறதே வேலை" என்று மாரப்பன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பேச்சு இழுக்கத் தொடங்கியது.

அமலோற்பவம் துண்டை வாங்கிச் சிஷ்யரிடம் கொடுத்தார். "நீங்க புடிங்கண்ணா."

திருமலைச்சாமி ஈரத் துண்டை அந்த நெற்றியில் வைத்தார். கொஞ்ச நேரத்திலேயே எடுத்துவிட்டார். துண்டு சுட்டது.

"போடச் சொல்லுங்க, அம்மிணி" என்றார் மெதுவாக.

அமலோற்பவம் எழுந்து ரிமோட்டை எடுத்து ஏசியைப் போட்டார்.

"மாரப்பண்ணா, எனக்கு வேர்த்துக் கொட்டுது. நாங்க போற வரைக்கும் ஓடட்டுங்க."

மாரப்பன் அவர் நெற்றி வியர்வையைப் பார்த்தார். "ஊட்டுக்கு வந்தவங்களுக்கு வேர்த்தா... செரி, ஓடட்டும்."

அன்று அவர்கள் சீக்கிரம் கிளம்பவில்லை. அமலோற்பவம் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்தத் தோப்பில் எந்த மரம் வழுக்கும் என்று விசாரிக்கத் தொடங்கினார். மாரப்பன் ஒவ்வொரு மரமாகச் சொன்னார். முகத்தின் சிவப்பு மெல்ல இறங்கியது.

திருமலைச்சாமி அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"தெரியாமச் சொல்லிப்போட்டேன், தாயி."

மயிலாத்தா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். "நீங்க என்னங்க பண்ணுவீங்க? சரியான மணியத்தான சொன்னீங்க."

"கடிகாரத்த நீங்கதான்..."

"தெனமும் ஒரு நிமிசந்தாங்க தள்ளுவேன். அவருக்குத் தெரியாமத்தான். பிப்ரவரில சூடேறி நாலு நாள் ஆஸ்பத்திரில கெடந்தாரு. திரும்பி வந்த அன்னிக்கே ஆறு மணிக்குக் குளுருதுன்னுட்டாரு. நான் தையல்ல சம்பாரிக்கறது கரண்டுக்கே போகுதுன்னு அவருக்கு வருத்தம்."

"குளுருதுங்கறது பொய்யின்னு உங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான் நெனைக்கறேன்" என்றார் மயிலாத்தா. தோசையைத் திருப்பினார். "உள்ள வாங்க, சூடா ரெண்டு தின்னுட்டுப் போலாம்."

தோசை தின்று, பேச்சு முடிந்து, பத்து மணி ஆன பிறகுதான் இருவரும் எழுந்தார்கள்.

காலையில் கடைக்கு வந்ததும் திருமலைச்சாமி பழைய காகிதத்தை எடுத்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதுவும் எழுதவில்லை.

"அம்மிணி, ஓடாத ஏசிய எத்தன யூனிட்டுன்னு எழுதறது?"

"நேத்து உங்க கையில துண்டு எத்தன நிமிசத்துல சுட்டுச்சு?"

"ஒரு நிமிசம், ஒன்றரை நிமிசம்."

"அதைய நெனச்சுட்டு எழுதுங்க."

அவர் எழுதினார். ஏழு யூனிட் பேட்டரி. கரண்ட் போனாலும் ஏசி நிற்காமல் இருக்கக் கால் பங்கு எப்போதும் மிச்சம் இருக்கட்டும் என்று கீழே ஒரு வரி சேர்த்தார். அந்த வரியை யாரும் சொல்லித் தரவில்லை. அமலோற்பவம் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பத்து நாளில் பேட்டரி வந்து சுவரில் ஏறியது. வேலை முடியும்போது மாலை ஆகிவிட்டது. கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மயிலு, மணி ஆறாச்சு. நிறுத்திரு. குளுருது."

அமலோற்பவம் அறை வாசலுக்குப் போனார்.

"இப்ப ஓடறது மத்தியான வெயிலுங்கண்ணா. பேட்டரிக்குள்ள புடிச்சு வெச்சிருக்கோம். மீட்டர் ஏறாது."

மாரப்பன் நம்பவில்லை.

"என்னைய நம்பாட்டிப் போங்க. இவரு முப்பத்தோரு வருசம் மீட்டர் பாத்தவரு. இவரக் கேளுங்க."

திருமலைச்சாமி வாசலுக்கு ஓடினார். மீட்டர் பெட்டி முன்னால் குனிந்து நின்றார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் பார்த்தார். அங்கிருந்தே கத்தினார்.

"ஏறலீங்கோ! ஒரு புள்ளி ஏறல!"

மாரப்பன் கூரையைப் பார்த்தார்.

"மயிலு."

"ம்."

"அவ்வளவு ஒண்ணும் குளுரல."

மயிலாத்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அமலோற்பவம் சத்தமில்லாமல் கருவிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் ஆறு மணிக்குத் திருமலைச்சாமி போனைத் திறந்து அந்த வீட்டுக் கணக்கைப் பார்ப்பார். ஏசியின் கோடு நேராக ஓடிக்கொண்டிருக்கும். பார்த்துவிட்டுத்தான் டீக் குடிப்பார். வீட்டில் கேலி செய்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

மே மாதத்தில் ஒரு நாள் ஆறேகாலுக்குக் கோடு விழுந்தது. ஐந்து நிமிடம் காத்திருந்து பார்த்தார். எழவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு அமலோற்பவம் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"நிறுத்திட்டாங்க, அம்மிணி! மறுக்கா ஆரம்பிச்சுட்டாரு போல!"

அமலோற்பவம் போனை வாங்கிப் பார்த்தார். "பேட்டரி நெறையா இருக்குதே."

"அதாங்க பயமா இருக்குது. ஏறுங்க, போலாம்."

போகும் வழியிலேயே காற்று மாறியது. தோப்புகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. மண் வாசனை எழுந்தது. அந்த வருடத்தின் முதல் மழை பெரிய பெரிய துளிகளாக விழத் தொடங்கியது. மாரப்பன் வீட்டுக்கு வருவதற்குள் இருவரும் தொப்பலாகிவிட்டார்கள்.

திருமலைச்சாமி பைக்கைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கேட்டில் கை வைத்தார். அப்படியே நின்றார்.

முற்றத்தின் நடுவில் சக்கர நாற்காலி. அதில் மாரப்பன். அவரைத் தூக்கி உட்கார வைத்த பக்கத்து வீட்டு ஆட்கள் இருவர் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருந்தார்கள். மழை அவர் மேல் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணாந்து வாயைத் திறந்து வைத்திருந்தார். பின்னால் நின்ற மயிலாத்தா, தண்ணீர் கண்ணில் இறங்காதபடி அவர் நெற்றியில் கையை அணையாக வைத்திருந்தார். மாரப்பன் ஏதோ சொன்னார். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. மயிலாத்தா குனிந்து காதைக் கொடுத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கேட்டுப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

திருமலைச்சாமி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். போனைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார்.

"அம்மிணி, ஏசி நின்ன இந்த நேரத்த என்னன்னு குறிச்சுக்கறது?"

"குறிக்காதீங்கண்ணா" என்றார் அமலோற்பவம். "வண்டியத் திருப்புங்க. நனைஞ்சுட்டே போலாம்."